ரத்தப் பரிசோதனை நார்மலாக இருக்கும்போது கண்ணில் ரத்தப் புற்றுநோய் இருக்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அம்மாவுக்கு வயது 63. எட்டு மாதமாக இரண்டு கண்ணிலும் மங்கல், பூச்சி பறப்பதுபோல் நிழலாட்டம். வலி இல்லை, பெரிதாகச் சிவப்பும் இல்லை. யுவைடிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பார்வை தெளிந்தது, மாத்திரையைக் குறைத்ததும் பழையபடி ஆனது. மாண்டூ பரிசோதனையில் கை தடித்ததால் காசநோய் மருந்தும் நான்கு மாதமாக ஓடுகிறது. இப்போது வேறொரு விழித்திரை மருத்துவர், இது ரத்தப் புற்றுநோய் வகையைச் சேர்ந்த ஒன்றாக இருக்கலாம், ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் இருக்கும் திரவத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நார்மல். ரத்தம் நன்றாக இருக்கும்போது ரத்தப் புற்றுநோய் எப்படி வரும், இந்த ஆபரேஷன் உண்மையில் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் எழுத்தில் மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை. இந்த எட்டு மாதம் வீணாகிவிட்டதா, முதலில் பார்த்தவர்கள் தவறு செய்துவிட்டார்களா என்பது அது. மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் கண் மருத்துவர் அல்ல. கண்ணிலிருந்து எடுத்த திரவத்தையும் திசுவையும் நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று அறிக்கை கொடுக்கும் நோய்க்குறியியல் மருத்துவர். பல வருடங்களாக இதுதான் வேலை. ஆகவே ஆய்வகத்துக்குள் நடப்பதை உறுதியாகச் சொல்வேன். சிகிச்சையைப் பற்றி, புற்றுநோய் மருத்துவர்களோடு உட்கார்ந்து விவாதித்த அளவுக்குச் சொல்வேன். உங்கள் அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை. அவருக்கு இந்த நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ இந்தப் பதிலில் எங்கும் சொல்லப்போவதில்லை.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஆம், முடியும். ரத்தப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்வதில் லுகேமியா, லிம்ஃபோமா, மைலோமா என்று பல குடும்பங்கள் அடங்கும். லுகேமியா எலும்பு மஜ்ஜையில் தொடங்கி ரத்தத்தில் கலந்து ஓடும். அதனால் பெரும்பாலும் ரத்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். லிம்ஃபோமா அப்படியல்ல. அது லிம்போசைட் என்னும் வெள்ளையணுவில் தோன்றினாலும், ஏதோ ஓரிடத்தில் கூடி அங்கேயே வளரும். நெறிகட்டியில் வரலாம், குடலில் வரலாம், மூளையில் வரலாம், கண்ணுக்குள்ளும் வரலாம். உங்கள் மருத்துவர் சந்தேகப்படுவது விட்ரியோரெட்டினல் லிம்ஃபோமா என்று நினைக்கிறேன். விழித்திரையிலும், அதற்கு முன்னால் கண் நிறைய இருக்கும் விட்ரியஸ் என்ற நுங்குபோல் தெளிந்த ஜெல்லிலும் வளரும் நோய் அது. மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையில் இருப்பதைப் போன்ற ஒரு தடுப்பு விழித்திரைக்கும் உண்டு. உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே தாராளமாகப் போய்வர முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு மூளை, கண், விந்தகம் ஆகிய மூன்று இடங்களில் தொடங்கும் இத்தகைய லிம்ஃபோமாக்களை ஒரே பெயரில் சேர்த்திருப்பது இந்தக் காரணத்தால்தான். அந்த அடைபட்ட இடத்துக்குள் நோய் இருக்கும்போது கையில் எடுத்த ரத்தத்தில் அதன் அடையாளமே இருக்காது. ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட், ஈ.எஸ்.ஆர். எல்லாம் சரியாக இருக்கும். அந்த நார்மல் அறிக்கை உங்கள் அம்மாவின் கண்ணைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. ஆறுதலுக்கும் இல்லை, பயத்துக்கும் இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக லுகேமியாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே கதை தலைகீழ். சாதாரண ரத்த எண்ணிக்கைதான் அங்கே உயிர் காக்கும் பரிசோதனை. இளம் வயதுக்காரர் ஒருவருக்குத் திடீரெனப் பார்வை மங்கி, விழித்திரையில் ஆங்காங்கே ரத்தக் கசிவும், நடுவில் வெளுத்த ரத்தப் புள்ளிகளும், நரம்பு முடிச்சுபோல் வீங்கி நெளிந்த சிரைகளும் தெரிந்தால், அன்றைக்கே ரத்த எண்ணிக்கையும் ரத்தப் படல ஸ்லைடும் பார்க்க வேண்டும். சர்க்கரை இருக்கிறது, அதனால்தான் கசிவு என்று விட்டுவிடக் கூடாது. லுகேமியா விழித்திரையில் காட்டும் மாற்றங்களை ஜெர்மானியக் கண் மருத்துவர் ரிச்சர்ட் லீப்ரைக் 1860-களிலேயே விவரித்துவிட்டார். கண்ணுக்குள் பார்க்கும் கருவி வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள். இந்தக் கசிவுகளில் பெரும்பாலானவை புற்றுச் செல்கள் நேராகப் புகுந்ததால் வருவதில்லை. ரத்தசோகை, பிளேட்லெட் குறைவு, வெள்ளையணு மிதமிஞ்சிப் பெருகி ரத்தம் கெட்டிப்படுவது ஆகியவற்றின் விளைவு. ஆனால் ஏற்கனவே லுகேமியாவுக்குச் சிகிச்சை எடுத்த குழந்தைக்குக் கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாகப் படிவு தங்கினாலோ, பார்வை நரம்பு வீங்கினாலோ அது நோய் திரும்பியதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். பார்வை நரம்பில் புகுந்த லுகேமியா அவசர நிலை. நாள் கடத்தினால் பார்வை திரும்பாது. சிறு குழந்தைக்கு ஒரு பக்கக் கண் சில வாரங்களில் வெளியே பிதுங்கி வந்தால், கண்ணைச் சுற்றி ஸ்கேன் எடுக்கும் அதே நாளில் ரத்தப் படலமும் பார்க்கச் சொல்லுங்கள். மைலாய்டு லுகேமியா கண்குழியில் கட்டியாக வருவதுண்டு. சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் தெரிவதற்கு முன்பே கட்டி வந்துவிடும்.

இனி உங்கள் அம்மாவின் பிரச்சினைக்கு வருகிறேன். விட்ரியோரெட்டினல் லிம்ஃபோமா அரிய நோய். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். நாளடைவில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கண்ணிலும் வந்துவிடும். வலிக்காது. கண்ணுக்குள் புற்றுச் செல்கள் மிதக்கும். அழற்சியிலும் வெள்ளையணுக்கள் மிதக்கும். பரிசோதிக்கும் மருத்துவரின் கருவியில் இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் இதை மாறுவேட நோய் என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். அத்தோடு ஸ்டீராய்டு லிம்ஃபோமா செல்களையும் ஓரளவு கொல்லும். அதனால் மருந்து கொடுத்ததும் மங்கல் குறையும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் நாம் போகும் வழி சரி என்று தோன்றும். மருந்தைக் குறைத்ததும் மிச்சமிருந்த செல்கள் பெருகும். முதல் அறிகுறிக்கும் உறுதியான நோயறிதலுக்கும் இடையில் ஒரு வருடம்வரை ஆவது உலகெங்கும் நடப்பதுதான். நல்ல வசதியுள்ள நாடுகளிலும் அப்படித்தான்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அது காசநோய். இங்கே வளர்ந்த பெரியவர்களில் மிகப் பலருக்கு என்றோ ஒரு நாள் காசநோய்க் கிருமி உடலில் நுழைந்து அடங்கிக் கிடக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு மாண்டூவில் கை தடிக்கும். அது கிருமியைச் சந்தித்ததற்கு அடையாளம். கண்ணில் இருப்பது காசநோய் என்பதற்கு ஆதாரம் அல்ல. கண்ணில் காசநோயும் இங்கே உண்மையாகவே அதிகம். ஆகவே அந்தத் திசையில் யோசிப்பதும் சரியே. சிக்கல் எங்கே வருகிறதென்றால், காசநோய் மருந்தோடு ஸ்டீராய்டையும் சேர்த்தே கொடுக்கிறோம். முதல் மாதத்தில் கண் தெளிந்தால் அந்தப் பெருமை காசநோய் மருந்துக்குப் போய்விடுகிறது. ஸ்டீராய்டைக் குறைத்த பிறகும் தெளிவு நிலைத்து நிற்கிறதா என்பதுதான் சரியான சோதனை. உங்கள் அம்மா விஷயத்தில் நிற்கவில்லை என்கிறீர்கள். அதைக் கவனித்து அடுத்த மருத்துவர் வேறு திசையில் யோசித்தது நல்ல மருத்துவம். முதலில் பார்த்தவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். இந்த அறிகுறிகளோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது உண்மையான அழற்சிதான். எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் ஆபரேஷன் செய்து லிம்ஃபோமா தேடினால் நூற்றுக்கணக்கான கண்களுக்கு வீண் ஆபத்து.

சந்தேகம் எப்போது வலுக்கும்? ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வந்த யுவைடிஸ், இரண்டு கண்ணிலும், வலியில்லாமல், ஸ்டீராய்டுக்கு அரைகுறையாகக் கட்டுப்பட்டுத் திரும்பத் திரும்ப வருவது. பரிசோதனையில் விட்ரியஸில் செல்கள் கொத்துக் கொத்தாக, விரிப்பு விரிப்பாகத் தொங்கும். விழித்திரையின் நிறமிப் படலத்துக்கு அடியில் வெளிர் மஞ்சள் திட்டுகள் இருக்கும். விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் அந்தத் திட்டுகள் படலத்தைத் தூக்கிக்கொண்டு சிறு மேடுகளாகத் தெரியும். மங்கல் அவ்வளவு இருந்தும், நீண்ட நாள் அழற்சியில் வழக்கமாக வரும் மையப்பகுதி நீர்வீக்கம் இருக்காது. இதை நான் முக்கியமான குறிப்பாக நினைக்கிறேன். ஒவ்வொரு முறை வரும்போதும் திட்டுகள் இடம் மாறியிருப்பதும் ஒரு குறிப்பு. இவையெல்லாம் சேர்ந்தாலும் அது சந்தேகம்தான், நோயறிதல் அல்ல. சார்காய்டோசிஸ், சிஃபிலிஸ், ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள், டாக்சோபிளாஸ்மா, ஏன் காசநோய்கூட இதே முகத்தைக் காட்டக்கூடும். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கீமோ தொடங்க முடியாது.

ஆபரேஷன் தேவையா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதற்கு முன் முடிக்க வேண்டியது ஒன்று உண்டு என்பதே என் பதில். மூளைக்கு, சாயம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அது ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணில் இந்த லிம்ஃபோமா வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முன்போ பின்போ மூளையிலும் வருகிறது. மூளை லிம்ஃபோமாவோடு வருபவர்களைச் சோதித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கண்ணிலும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் மூளையில் கட்டி தெரிந்து, அங்கிருந்து எடுத்த பயாப்ஸியிலோ முதுகுத்தண்டு நீரிலோ லிம்ஃபோமா செல்கள் உறுதியானால், கண்ணில் தெரிவதும் அதுவே என்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளலாம். கண்ணைத் திறக்க வேண்டியதில்லாமலே போகலாம். எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால், கண்ணுக்குள் இருக்கும் செல்லைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அப்போது விட்ரெக்டமி தேவைதான். கண்ணை மரத்துப்போகச் செய்து, நுண்ணிய துளைகள் வழியாக ஜெல்லை எடுக்கும் அறுவை அது. பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். பின்னாளில் புரை வருவது இந்த வயதில் சகஜம். விழித்திரை விலகல், தொற்று போன்ற ஆபத்துகளும் உண்டு. இவை இரண்டும் அடிக்கடி நடப்பவை அல்ல, ஆனால் இல்லவே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. கலங்கிய ஜெல் போய்விடுவதால் சிலருக்குப் பார்வை தெளிவதும் உண்டு. அது நோய் போனதற்கு அடையாளம் அல்ல.

இப்போது நான் அதிகம் அக்கறைப்படும் இடத்துக்கு வருகிறேன். இந்த ஆபரேஷனின் பயன் முழுவதும், எடுத்த திரவம் எந்த நிலையில் எங்கள் மேசைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது. விட்ரியஸ் மொத்தமே நான்கு மில்லி அளவுதான். அதில் கலப்படமில்லாமல் எடுக்கக்கூடியது ஒன்று அல்லது ஒன்றரை மில்லி. லிம்ஃபோமா செல்கள் பெரியவை, ஆனால் மிக மென்மையானவை. உடலை விட்டு வெளியே வந்ததும் சிதையத் தொடங்கிவிடும். காலை பத்து மணிக்கு எடுத்ததை அறை வெப்பத்தில் வைத்திருந்து மாலையில் கூரியரில் அனுப்பினால், ஸ்லைடில் நான் பார்ப்பது உடைந்த செல் துகள்களும், புற்றோடு கூட வந்த, டி-செல் என்ற வகையைச் சேர்ந்த சாதாரண லிம்போசைட்டுகளும்தான். அந்த டி-செல்கள் வலுவானவை, பிழைத்திருக்கும். அதைப் பார்த்து, அழற்சிச் செல்கள், புற்றுச் செல் இல்லை என்று எழுத நேரும். அந்த அறிக்கை பொய்யல்ல. ஆனால் நோயாளிக்கு அது பெரிய தீங்கு.

ஆகவே நல்ல மையங்களில் ஆபரேஷனுக்கு முந்தைய நாளே அறுவை மருத்துவரும் ஆய்வகமும் பேசிவிடுவார்கள். உள்ளே திரவம் செலுத்துவதற்கு முன்பே, வெட்டும் கருவியின் வேகத்தைக் குறைத்து வைத்து, கலப்பில்லாத ஜெல்லை முதலில் எடுப்பார்கள். பிறகு வரும் நீர்த்த திரவத்தையும் கொட்டிவிடாமல் அனுப்புவார்கள். அதைச் சுழற்றிப் படியவைத்தால் அதிலும் செல்கள் கிடைக்கும். தியேட்டரிலிருந்து குளிர்ந்த நிலையில் உடனே கையோடு எடுத்து வருவார்கள். தூரம் அதிகமென்றால் செல்களைக் காப்பதற்கென்றே உள்ள ஊடகத்தில் போட்டு அனுப்புவார்கள். வழக்கம்போல் எல்லாவற்றையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் சில பரிசோதனைகளுக்கு வழி அடைபட்டுவிடும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் போன்ற இடங்களில் கண்ணுக்கென்றே நோய்க்குறியியல் ஆய்வகம் உள்ளேயே இருக்கிறது. நீங்கள் போகும் இடம் எதுவானாலும், எடுத்த திரவம் எவ்வளவு நேரத்தில் எந்த ஆய்வகத்துக்குப் போகும், அங்கே கண் திரவம் பார்த்துப் பழகியவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டால் மகிழும் மருத்துவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீராய்டு விஷயமும் இதோடு சேர்ந்தது. ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த திரவத்தில் புற்றுச் செல்கள் செத்தோ குறைந்தோ இருக்கும். அதனால், முடிந்தால் இரண்டு வாரமாவது நிறுத்திவைத்துவிட்டு எடுப்பார்கள். இதை நீங்களாகச் செய்யக் கூடாது. மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் உடலின் சொந்த ஹார்மோன் சுரப்பு உடனே மீளாது. ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுவதுவரை போகலாம். எப்படிக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும். கண்ணுக்குப் பக்கத்திலோ உள்ளேயோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியை மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தினாலும் அது வாரக் கணக்கில், மாதக் கணக்கில்கூட உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

எங்கள் மேசையில் நடப்பது இதுதான். முதல் முன்னுரிமை செல்லைக் கண்ணால் பார்ப்பது. லிம்ஃபோமா செல் சாதாரண லிம்போசைட்டைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு பெரிதாக இருக்கும். அணுக்கரு ஒழுங்கற்று மடிந்திருக்கும், அதற்குள் அணுக்கருமணிகள் துருத்தித் தெரியும், சுற்றிலும் சைட்டோபிளாசம் மெல்லிய விளிம்பாகத்தான் இருக்கும். பின்னணியில் செத்த செல்களின் குப்பை. நன்கு காக்கப்பட்ட இப்படிப்பட்ட செல்கள் போதுமான அளவு இருந்து, நிறமேற்றிப் பார்க்கும்போது அவை பி-செல் என்ற லிம்போசைட் வகை என்று உறுதியானால், நோயறிதல் முடிந்தது. இதுதான் இன்றைக்கும் அடித்தளம். இந்த நோயில் மிகப் பெரும்பாலானவை பி-செல் லிம்ஃபோமாக்கள். டி-செல் வகை மிக அரிது, கண்டுபிடிக்க இன்னும் கடினம்.

மற்ற பரிசோதனைகள் சாட்சிகள். அவற்றின் பலத்தை அளந்தே பேச வேண்டும். இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தை பி-செல் லிம்ஃபோமா அதிகம் சுரக்கும். அழற்சியில் இன்டர்லூக்கின்-6 மேலோங்கும். முதலாவது இரண்டாவதைவிட அதிகமாக இருந்தால் லிம்ஃபோமா பக்கம் தராசு சாய்கிறது. 1990-களில் அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தில் சி-சாவ் சான் குழுவினர் முன்வைத்த பரிசோதனை இது. கண்ணின் முன்பக்க நீரில் ஒரு துளி எடுத்தும் இதைப் பார்க்க முடியும் என்பது பெரிய வசதி. ஆனால் இது மட்டுமே வைத்து நோயை முடிவு செய்ய மாட்டோம். எல்லா ஊரிலும் இது கிடைப்பதும் இல்லை. செல்கள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று பி.சி.ஆர். முறையில் பார்ப்பது அடுத்தது. செல் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் இந்தப் பரிசோதனை இல்லாத ஒற்றுமையைக் காட்டிவிடும், எச்சரிக்கை தேவை. மூன்றாவது, எம்.ஒய்.டி.88 மரபணுவில் எல்265பி என்ற ஒற்றை மாற்றம். இந்தக் கண் லிம்ஃபோமாக்களில் ஏறக்குறைய முக்கால்வாசியில் இது இருக்கிறது. சிதைந்த செல்லிலிருந்து கசிந்த டி.என்.ஏ.யிலும் கண்டுபிடிக்கலாம். என் அனுபவத்தில், செல் பரிசோதனை தடுமாறும் இடத்தில் அதிகம் கைகொடுப்பது இதுதான். இருந்தால் பலமான ஆதாரம். இல்லையென்றால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை, மீதிக் கால்வாசி நோயாளிகளிடம் இது இல்லவே இல்லை. இத்தனையும் ஒன்றரை மில்லியில் செய்ய வேண்டும், கூடவே காசநோய்க்கும் ஹெர்பிஸுக்கும் பி.சி.ஆர். பார்க்க வேண்டும். அதனால்தான் எது முதலில், எது பிறகு என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியிருக்கிறது.

அறிக்கையில் புற்றுச் செல் காணப்படவில்லை என்று வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முறை எடுத்த திரவத்தில் செல் பரிசோதனை மட்டும் பார்த்தால் எத்தனை பேரைத் தவறவிடுகிறோம் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது; பாதிப் பேரைத் தவறவிட்ட மையங்களும் உண்டு. எனவே இல்லை என்ற அறிக்கை, அந்த நோய் இல்லை என்பதற்குச் சமம் ஆகாது. மருத்துவரின் சந்தேகம் இன்னும் வலுவாக இருந்தால் அடுத்த கண்ணிலிருந்து எடுப்பதோ, சில வாரம் கழித்து மீண்டும் எடுப்பதோ, விழித்திரைக்கு அடியில் உள்ள திட்டிலிருந்தே திசு எடுப்பதோ நியாயமான அடுத்த படி. அதே நேரம், நல்ல மாதிரி, நல்ல ஆய்வகம், எல்லாப் பரிசோதனையும் ஒரே குரலில் இல்லை என்று சொல்கின்றன, வைரஸோ கிருமியோ பி.சி.ஆரில் தெரிகிறது என்றால் நிம்மதியாக அந்தச் சிகிச்சைக்குப் போகலாம். மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டும்போது, மாதிரியில் செல்கள் போதுமான அளவு, நல்ல நிலையில் இருந்தனவா என்று கேளுங்கள். அதை நாங்கள் அறிக்கையில் எழுத வேண்டும். எழுதவில்லையென்றால் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம்.

லிம்ஃபோமா என்று உறுதியானால் உடலின் மற்ற இடங்களையும் பார்த்தாக வேண்டும். எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர், பெட் ஸ்கேன், எச்.ஐ.வி. பரிசோதனை, ஆணாக இருந்தால் விந்தக ஸ்கேனும். சிகிச்சையில் உறுதியானது என்று சொல்லத்தக்கது, கண்ணுக்குள் இருப்பதைக் கட்டுப்படுத்த முடியும் என்பது. மெத்தோட்ரெக்சேட் மருந்தை 400 மைக்ரோகிராம் அளவில் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவது பல வருடப் பழக்கம். முதலில் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று ஒரு வருடம் போகும். சில இடங்களில் ரிடக்சிமாப் ஊசியோ கதிர் சிகிச்சையோ தேர்ந்தெடுப்பார்கள். நிபுணர்களே ஒருமித்த முடிவுக்கு வராதது வேறொன்று. மூளையில் நோய் இல்லாதபோது, கண்ணுக்கு மட்டும் சிகிச்சை போதுமா, அல்லது மூளைக்கும் போய்ச்சேரும் அளவுக்கு அதிக வீரிய கீமோவும் சேர்த்துக் கொடுத்தால் பின்னாளில் மூளையில் வருவதைத் தடுக்க முடியுமா என்பது. நோய் அரிது என்பதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. இருக்கும் சிறு ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. வயது, சிறுநீரகம், உடல் தெம்பு பார்த்து முடிவு செய்வார்கள். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் தவறு என்று நினைக்காதீர்கள். மூளை லிம்ஃபோமா பார்த்துப் பழகிய ரத்தப் புற்றுநோய் பிரிவு உள்ள இடத்தில், கண் மருத்துவரும் அவர்களும் சேர்ந்து முடிவெடுப்பதே நல்லது. வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிலையம், புதுவை ஜிப்மர் போன்றவை எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

எட்டு மாதம் வீணா என்ற கேள்விக்கு வருகிறேன். இது லிம்ஃபோமாவாக இருந்தால், இன்னும் முன்பே தெரிந்திருந்தால் நல்லதுதான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் எட்டு மாதத்தில் சந்தேகம் வந்ததே பலருக்குக் கிடைக்காத ஒன்று. இனி ஆகும் தாமதம்தான் உங்கள் கையில் இருக்கிறது. பழைய ஓ.சி.டி., கண் ஆஞ்சியோகிராம் (விழித்திரை ரத்தக்குழாய்ப் படம்) படங்களைச் சிடியாகவோ கோப்பாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். திட்டுகள் இடம் மாறினவா என்பது அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஸ்டீராய்டு எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த அளவு, எப்போது குறைத்தது, அப்போது பார்வை எப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். காசநோய் மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. அம்மாவின் சுபாவத்தில் சில மாதங்களாக மாற்றம் தெரிகிறதா? மறதி, எதிலும் ஈடுபாடில்லாமல் ஒதுங்கி உட்காருவது, பேச்சில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், புதிதாகத் தொடங்கிய தலைவலி, வலிப்பு. கண் தெரியாததால் சோர்ந்திருக்கிறார் என்று நாமே காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிடுவோம். மூளையிலும் நோய் இருப்பதன் தொடக்கம் அப்படியும் இருக்கலாம். இவற்றில் ஏதாவது இருந்தால் ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காமல் எம்.ஆர்.ஐ.யை முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஸ்டீராய்டை நிறுத்திய நாட்களில் பார்வை மோசமாவது எதிர்பார்க்கக்கூடியதே. அப்போது பயந்து வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்; மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் ஆபரேஷனைச் சில நாள் முன்னதாக வைத்துக்கொள்ளலாம் என்பார்கள்.